பேச்சியம்மாள் மேடையில் சொன்ன பதில்

விளக்கு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. பச்சையானால் முதல் ஆள் மேடைக்கு நடக்க வேண்டும், அவள் முடித்ததும் இரண்டாம் ஆள், அப்புறம் நான். மூன்றாவதாக நிற்பது நல்லதா கெட்டதா தெரியவில்லை, முதல் ஆள் என்றால் பயம் சீக்கிரம் தீர்ந்துவிடும், கடைசி ஆள் என்றால் பயந்து பயந்தே அலுத்துப்போயிருக்கும், நடுவில் நிற்கிறவளுக்குத்தான் பயம் ஆறாமல் சுடச்சுட இருக்கும், அதுவும் இடுப்பில் ஒரு ஊக்கு குத்திக்கொண்டிருக்கும்போது. காலையில்தான் கவுனின் கொக்கி தெறித்துப் போனது. பத்து நாளாக மூன்று வேளையும் இந்த ஊர்ப் பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றால் எந்தக் கொக்கி தாங்கும், என்னோடு வந்திருக்கிற ரோஸ்லின் மிஸ் தலையில் அடித்துக்கொண்டு தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார், மூச்சை இழுத்துப் பிடி, சிரி, எங்கேயும் உட்காராதே என்று கையால் சொன்னார். மூச்சை இழுத்தால் சிரிப்பு வரவில்லை, சிரித்தால் மூச்சு வெளியே போகிறது, ஊக்கு உள்ளே வருகிறது. தரை அதிர்கிறது. எங்களுக்காகவே ஸ்பீக்கர்களை மேடைப் பலகைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், பாட்டு உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலில் வந்து நின்றுகொள்ளும். நேற்று ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகைமேல் வெகுநேரம் நின்றேன், எறும்புக்கூட்டம் ஒன்று உள்ளங்காலில் ஊர்வலம் போவது போல இருந்தது, ஜார்ஜியா நாட்டு எறும்பு என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக நின்று சிரிக்கிறவளைப் பார்த்துத் தரை துடைக்கிற அம்மாளும் சிரித்தாள்.

முப்பத்திரண்டு நாடுகளிலிருந்து வந்தோம். காது கேளாத பெண்களுக்கான உலக அழகிப் போட்டி, ஜார்ஜியாவில் படூமி என்று ஒரு கடற்கரை ஊர். இருபத்தேழு பேரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கீழே நாற்காலிக்கு அனுப்பியாயிற்று, மீதி ஐந்து பேரில் நான் ஒருத்தி, கோவில்பட்டி பேச்சியம்மாள். குலதெய்வத்தின் பெயரை வைத்தபோது எனக்கு நன்றாகவே காது கேட்டது, பேச்சும் அதிகம், அம்மா வேலை பார்க்கிற கடலைமிட்டாய் கம்பெனியில் என்னைக் கொண்டுபோய் விட்டால் பாகு காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என் வாயைப் பார்ப்பார்களாம். ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அடுப்படியில் குக்கரிலிருந்து ஆவி பிய்த்துக்கொண்டு வருகிறது, விசிலைக் காணோம். "யம்மா, குக்கர் கெட்டுப்போச்சு" என்று சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, எல்லாரும் சேர்ந்து வாயை மட்டும் அசைக்கிற ஒரு விளையாட்டு நடப்பதாக நினைத்தேன், எப்போது முடிப்பார்கள் என்று காத்திருந்தேன், ஒரு வாரம், ஒரு மாசம், எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, ஒருநாள் காத்திருப்பதை மறந்துபோயிருப்பேன். காதோடு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழறி நின்றுபோனது. பேச்சிக்குப் பேச்சு வரலையாம் என்று தெருவில் சிரித்தவர்களின் உதட்டை நான் படிக்கப் பழகியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. போதும், இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்க வேண்டும், மஸ்காரா கரையும், அது கரைந்தால் கன்னத்தில் இறங்கும், சிரி, மூச்சை இழு, ஊக்கு.

பச்சை. கொலம்பியாக்காரி போகிறாள். உயரமான பெண், ஊரில் பல் டாக்டராம், நடக்கும்போது கழுத்து அசையாது. திரை ஒரு நொடி விலகியதில் மேடை வெளிச்சம் எங்கள் கால்களில் கொட்டி நின்றது, மறுபடி இருட்டு, மறுபடி சிவப்பு. எனக்கு முன்னால் நிற்கிற ஒயூனா திரும்பி என் கையைப் பிடித்துப் பார்க்கிறாள், அவள் கை ஐஸ் மாதிரி இருக்கிறது, என் கை வியர்த்து ஊற்றுகிறது, இரண்டையும் கலந்தால் சரியாக இருக்கும் என்று காட்டுகிறாள். ஒயூனா மங்கோலியாக்காரி, என் அறைத் தோழி, அவர்கள் தலைநகரில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை, அதனால் அவள் சைகையில் எல்லாமே கொஞ்சம் பிசைகிற மாதிரி இருக்கும், மழை என்றாலும் பிசைவாள், காதல் என்றாலும் பிசைவாள். அவளுடைய சைகை மொழி வேறு, என்னுடையது வேறு, முதல் நாள் ஜன்னலைத் திற என்று அவளும் மூடு என்று நானும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், சண்டை போட்டதிலேயே பாதி மொழி வந்துவிட்டது. மறுநாள் அம்மா கொடுத்தனுப்பிய கடலைமிட்டாயை எடுத்து நீட்டினேன், கடித்தாள், கண்ணை மூடினாள், நெஞ்சில் கையை வைத்துக் கட்டிலில் மல்லாந்து விழுந்தாள். ஐம்பது பாக்கெட், முப்பத்தோரு பேருக்கும் கொடுத்து மிச்சத்தை அவளே தின்றாள். எனக்குப் பெயர் வைத்ததும் அவள்தான், இரண்டு விரலை வாய் ஓரத்தில் வைத்து எதையோ உடைக்கிற மாதிரி ஒரு வெட்டு, அதுதான் இப்போது என் பெயர், முப்பத்தோரு பேரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், உணவுக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி அப்படி உடைத்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த உணவுக்கூடம். அதை நினைத்தாலே சிரிப்பு தானாக வருகிறது, ஊக்கு குத்தினாலும் வருகிறது. முதல் நாள் காலை நான் தட்டோடு வாசலில் நின்றுவிட்டேன், உள்ளே முப்பது பெண்கள், அறுபது கைகள், காற்றில் ஒரு அங்குலம்கூட சும்மா இல்லை, வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணாடி லிஃப்டில் மேலே போகிறவள் கீழே நிற்கிறவளிடம் கதை சொல்லிக்கொண்டே போகிறாள், எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து ஒருத்தி சாலையைத் தாண்டி என் செருப்பு எங்கே வாங்கியது என்று கேட்கிறாள். காபி கொண்டுவந்த பையன்தான் பாவம், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான், ஒருத்தி அவனுக்குக் காபி, பால், சர்க்கரை மூன்றும் சொல்லிக்கொடுத்தாள், மூன்றாம் நாள் அவன் எங்களோடு வம்பளந்தான். திருநெல்வேலியில் நான் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன், மிஷின் சத்தம் உனக்குத் தொந்தரவு இல்லை பாரு என்று முதலாளி அதைப் பெரிய பரிசு மாதிரி சொல்வார், மற்றவர்கள் மத்தியானம் சிரிக்கிறபோது நான் ஒருத்தி மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமல் சிரிப்பேன். இங்கே பத்து நாளாக நான் ஒரு தடவைகூடப் பிந்திச் சிரிக்கவில்லை.

சிவப்பு, பச்சை, ஒயூனா என் விரலை விட்டுவிட்டுப் போகிறாள். இனி நான்தான். பயம் திரும்ப வந்து அதே இடத்தில் நிற்கிறது, கூட்டத்தைப் பார்த்து இல்லை, நடப்பதற்கு இல்லை, அந்த ஒரு கேள்விக்குத்தான். ரோஸ்லின் மிஸ் சென்னையில் எங்கள் சங்கத்துக்கு மொழிபெயர்க்கிறவர், அவருக்குக் காது கேட்கும், என் சைகையைப் பார்த்து மைக்கில் இங்கிலீஷில் சொல்லப் போகிறவர் அவர்தான். இருபது கேள்வி எழுதி இருபதுக்கும் பதில் தயார் பண்ணி வைத்திருக்கிறார். அதில் ஒன்று எல்லா வருஷமும் யாராவது ஒருத்திக்கு வருமாம், உங்களுக்கு ஒரு மணி நேரம் காது கேட்டால் எதைக் கேட்பீர்கள். பதில், என் அம்மாவின் குரலை. "இதச் சொல்லு, ஹாலே அழும், மார்க் வந்துரும்" என்று மிஸ் கன்னத்தில் கண்ணீர்க் கோடு இழுத்துக் காட்டினார். இன்று காலை வீடியோவில் அம்மா வேறு. போனை முகத்துக்கு நேராக வைத்து, எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து, "ஏட்டி, மேடையில அம்மாவப் பத்தி ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லிரு. தெருவே நம்ம வீட்டுல உக்காந்து பாக்கப் போவுது" என்றாள். பின்னால் என் அண்ணன் செண்பகராஜ் டிவியில் வயரைச் செருகிக்கொண்டிருந்தான். அழகிப் போட்டியா, ஊர் சிரிக்கும் என்று அவன் மூன்று மாசம் குதித்தபோது, "சிரிக்கட்டும்ல, பல்லு தேயவா போவுது" என்று அம்மாதான் அவனையே பாஸ்போர்ட் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போக வைத்தாள். அந்த அம்மாவைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்ல எனக்கென்ன கஷ்டம், அம்மாவின் குரல், அம்மாவின் குரல், பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கை அந்த இடத்தில் தடுக்குகிறது. ஏன் தடுக்குகிறது. அம்மாவின் குரல் எனக்கு மறக்கவே இல்லையே, ஏட்டி என்று ஆரம்பித்து மேலே ஏறி உடைந்து இறங்குமே, உள்ளே எங்கேயோ அது அப்படியே இருக்கிறதே. அப்புறம் எனக்கு அம்மாவிடம் என்னதான் வேண்டும்.

பச்சை. நடக்கிறேன். ஊக்கு குத்துவதும் நின்றுவிட்டது, அல்லது குத்துவது எனக்குத் தெரியவில்லை, வெளிச்சம் முகத்தில் மாவு மாதிரி அப்புகிறது, உள்ளங்கால் அதிர்வு நின்று மேடை வெறும் பலகையாகிறது. கீழே முதல் வரிசை ஓரத்தில் ரோஸ்லின் மிஸ், அவருக்குப் பின்னால் இருட்டில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. தொகுத்து வழங்குகிறவள் கவரைப் பிரிக்கிறாள், படிக்கிறாள், திரையில் இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது, நான் அதைப் பார்க்கவில்லை, மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கிறேன், அந்த முகம் பூக்கிறது. அப்படியானால் அதுதான். அதேதான். ஒரு மணி நேரம், காது, கேட்டால், எதை, மிஸ் கையில் கேள்வி ஒரு லட்டு மாதிரி உருண்டு வருகிறது. நான் கையைத் தூக்கினேன், என், அம்மா, என்பது வரைக்கும் வந்தது, கை நின்றுவிட்டது. அம்மாவின் முகம் வரவில்லை, முதுகுதான் வந்தது. அடுப்புக்கு முன்னால் அம்மாவின் முதுகு, ரவிக்கைக்குக் கீழே வியர்வை, தோள்பட்டை லேசாக ஏறி இறங்குகிறது, அதை வைத்துத்தான் அம்மா பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் போய்த் தோளைத் தொட்டு, என்ன என்று கேட்பேன். அம்மா பாதி திரும்பி, "ஒண்ணுமில்ல, போ" என்பாள். பதினேழு வருஷமாக நான் உதட்டில் அதிகம் படித்த வார்த்தை அதுதான், ஒண்ணுமில்ல, தூரத்திலிருந்து பார்த்தாலே எனக்கு அது தெரிந்துவிடும். நான் ஏதாவது சொல்லக் கையைத் தூக்கினால் அம்மாவின் கண் உலைக்குப் போய்விடும், வேலைக்குப் போய்விடும், கேக்கேன் கேக்கேன், நீ சொல்லு என்று சொல்லிக்கொண்டே திரும்பிக்கொள்வாள், காதால் கேட்பதாக நினைப்பு அவளுக்கு, என் பேச்சு காதுக்கு வராது என்பது பதினேழு வருஷமாகியும் அவளுக்கு மறந்து மறந்து போகும்.

மிஸ்ஸின் புருவம் ஏறிவிட்டது. கை தானாகத் தொடங்கியது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டாம் என்றது. என் அம்மாவின் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவள் என்னைத் திட்டுகிற குரல்கூட பத்திரமாக இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிப் போட்டு அம்மாவுக்குக் கொடுங்கள். ஒரே ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் காது கேட்க வேண்டாம். அப்போது அவள் அடுப்பைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பாள். அவளிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அவ்வளவுதான், கை இறங்கிவிட்டது. மிஸ்ஸின் வாய் மைக்குக்கு முன்னால் திறந்தபடி நிற்கிறது, இப்படி ஒரு பதில் இருபதில் இல்லையே, அப்புறம் மெல்ல மெல்ல அசைகிறது, சொல்லிவிட்டார். திரையில் அது எழுத்தாக ஓடுகிறது. அதன்பிறகு பலகை குலுங்கியது, ஸ்பீக்கர் இல்லை, கீழே உட்கார்ந்திருந்த இருபத்தேழு பேரும் காலால் தரையை உதைக்கிறார்கள், இருட்டு முழுக்கக் கைகள் மேலே எழுந்து இலை மாதிரி ஆடுகின்றன, எங்கள் கைதட்டல் அது, எத்தனை கை, எத்தனை வீட்டு அடுப்படியிலிருந்து வந்த கைகள், முன்வரிசையில் ஒருத்தி நாற்காலிமேல் ஏறி என் பெயரை உடைக்கிறாள், உடைக்கிறாள், உடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஹால் அழவில்லை, சிரித்தது. நானும் சிரித்தேன், மூச்சு போனது, ஊக்கு பிய்ந்து எங்கேயோ விழுந்தது, இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினேன்.

ஓடி வந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. அண்ணன். வீட்டில் அண்ணன்தான் இங்கிலீஷைக் கேட்டுத் தமிழில் சொல்லுவான், அவனுடைய இங்கிலீஷ் செல்போன் கடை இங்கிலீஷ், மிஸ் சொன்னது அவன் வாயில் என்னவாகும், அம்மாவுக்குக் காது கேட்காமல் போகணுமாம், அவ்வளவுதான் ஆகும். தெருவே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லு என்று கேட்டவளை உலகத்துக்கு முன்னால் செவிடாகப் போ என்று சொன்ன மகள். மற்ற இரண்டு பேரும் போனார்கள், வந்தார்கள், நான் எதையும் பார்க்கவில்லை, ஐந்து பேரையும் திரும்ப மேடையில் நிறுத்தினார்கள், யாரோ ஒரு அம்மாள் என் இடுப்புத் துணியை நூலால் இழுத்துக் கட்டியிருந்தாள், யார் என்று பார்த்து நன்றி சொல்லக்கூட இல்லை. மூன்றாவது இடம் பல் டாக்டருக்கு. இரண்டாவது இடம் செனகல் நாட்டுப் பெண்ணுக்கு. அப்புறம் திரையில் பெரிதாக ஒயூனாவின் முகம். அவள் நம்பவில்லை, திரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், நானா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்கிறாள், நீதான் என்று நான் மாவு பிசைந்து காட்டினேன், அவள் பாஷையில். கிரீடம் அவளுடைய குட்டை முடியில் நிற்காமல் நழுவி நழுவி விழுகிறது, மூன்றாம் தடவை அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், கிரீடத்தின் முள் என் தோளில் கீறியது. எனக்கு நான்காவது இடம், தோளில் போடுகிற பட்டை கிடையாது, ஒரு பூங்கொத்து. பட்டை இல்லை என்று வருத்தப்பட நேரமே இல்லை, எல்லாரும் மேடையேறிக் குதிக்கிறார்கள், நானும் குதிக்கிறேன், குதிக்கிறபோதே ஒரு மூலையில் அண்ணன், அண்ணன், என்ன சொல்லித் தொலைத்தானோ.

ஒப்பனை அறையில் போனை எடுத்தேன். அண்ணன் ஆறு தடவை அனுப்பியிருக்கிறான். "என்னட்டி சொல்லிட்ட." "அம்மாகிட்ட அப்படியே சொல்லிட்டேன்." "எல்லாரும் அம்மாவப் பாக்காங்க." "அம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டா." "கதவச் சாத்திக்கிட்டா." கடைசியில் வெறும் கேள்விக்குறி. நல்ல பதில்தானே, உண்மையான பதில்தானே, உண்மையை வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா, வீட்டில் சொன்னால் முதுகுதானே கேட்டிருக்கும், இருந்தாலும், இருந்தாலும், அம்மா கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. அழைப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே திரை மின்னுகிறது, வீடியோ, வீட்டிலிருந்து. எடுத்தேன். முழுத் திரையும் அம்மா முகம். இரண்டு காதிலும் பஞ்சு, கொஞ்சநஞ்சம் இல்லை, தலையணையைப் பிரித்த மாதிரி பஞ்சு வெளியே பிதுங்குகிறது, அதற்கு மேல் அண்ணனுடைய துண்டைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறாள், முகம் பலாப்பழம் மாதிரி வீங்கித் தெரிகிறது. பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், அண்ணன் அம்மாவின் தோளைத் தட்டி ஏதோ கத்துகிறான், அம்மா திரும்பவில்லை. கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் ஒரு அலாரக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள், மணி ஐந்தே முக்கால். ஒரு விரல். ஒரு மணி நேரம். "சொல்லு" என்றது உதடு.

என் கையில் பூங்கொத்து இருந்தது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒயூனாவின் மடியில் போட்டேன். போனைக் கண்ணாடிமேல் சாய்த்து வைத்தேன், இரண்டு கையும் வேண்டுமே. எதை முதலில் சொல்வது, இந்த ஊர்க் கடலில் மணலே இல்லை, வெறும் கூழாங்கல் என்று சொல்லவா, பட்டறையில் பிந்திச் சிரிப்பதைச் சொல்லவா, உணவுக்கூடத்தைச் சொல்லவா, எல்லாம் ஒரே நேரத்தில் விரல் நுனிக்கு வந்து முட்டியது, சொல்ல ஆரம்பித்தேன், வேகமாக, ரொம்ப வேகமாக, பதினேழு வருஷத்தைப் பிடித்துத் தள்ளுகிற வேகத்தில். அம்மாவின் கண் என் இடது கைக்கும் வலது கைக்கும் ஓடி ஓடி வியர்த்துப்போனது. அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. "ஏட்டி, புரியல. மெதுவாச் சொல்லு" என்றாள்.

கையை நிறுத்தினேன். முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். இன்னும் ஐம்பத்தேழு நிமிஷம் இருந்தது.